உழவு மண்ணில் வணிகர் வில்லைகள்

இங்கிலாந்து நாட்டில் அறுவடை முடிந்து அடுத்த விதைப்புத் தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களில், கையில் நீண்ட கோலும் அதன் நுனியில் வட்டத் தட்டும் கொண்டு வயல்களில் மெல்ல நடந்து செல்வோரைக் காணலாம். நிலத்துக்குரியவரின் அனுமதி பெற்று, மண்ணில் மறைந்து கிடக்கும் உலோகப் பொருள்களைத் தேடுவதை ஓய்வுக்கால ஈடுபாடாகக் கொண்டவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி ஆணி, லாடம், பொத்தான், துப்பாக்கிக் குண்டு ஆகியவையே. அரசர் தலை பொறித்த வெள்ளி நாணயம் எப்போதேனும் ஒன்று அகப்படும். இவற்றுக்கிடையே, சட்டைப் பொத்தான் அளவே உள்ள, பச்சைக் களிம்பேறிய மெல்லிய பித்தளை வில்லை ஒன்றும் அவ்வப்போது வெளிப்படுவதுண்டு. அதில் அரசர் பெயர் இராது. யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயரும் அவர் ஊரின் பெயரும் இருக்கும். பொன்னோ வெள்ளியோ அல்லாத இவ்வில்லைக்குச் சந்தையில் விலை சொற்பமே. எனினும், அது கிடந்த இடம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்குமாயின், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்றூர் வாணிகத்தைப் பற்றி எந்த அரசாங்க ஏடும் கூறாத செய்தியை அது கூறும். இடம் தெரியாத வில்லை பாதி ஊமையாகும்.

நம் நாட்டில் இத்தகைய தேட்டம் பொழுதுபோக்காக வளரவில்லை. வளர வேண்டுமென்பதும் இங்குக் கருத்தன்று. ஆயினும் ஏர் உழுகையிலும், கிணறு வெட்டுகையிலும், சாலைக்கு மண் எடுக்கையிலும் பழங்காசுகள் வெளிப்படுவது இங்கும் நிகழ்வதே. அவற்றை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் கிராமப்புறக் களப் பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆதலின், ஆங்கில வயல்களில் பெற்ற அனுபவம் இவர்களுக்கும் பயன்படும்.

கருவி அறிவதும் அறியாததும்

உலோகங்காட்டும் கருவிக்கு மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே அடிப்படை. கோலின் நுனியிலுள்ள தட்டினுள் இரு கம்பிச் சுருள்கள் அமைந்துள்ளன. முதற் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. சாதாரணக் கருவிகளில் இதன் அலைவு விநாடிக்கு 5,000 முதல் 20,000 வரை இருக்கும். இதனால் தட்டைச் சுற்றி எழும் காந்தப் புலம் மண்ணினுள்ளும் பரவுகிறது. அப்புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்படுமாயின், அதனுள் வட்டவட்டமாகச் சுழலும் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. இச்சுழல் மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. முதற் சுருளின் புலம் தன்னைத் தாக்காதவாறு ஈடுசெய்து பொருத்தப்பட்ட இரண்டாம் சுருள், மண்ணிலிருந்து திரும்பும் அச்சிறு புலத்தை உணர்ந்து ஒலியாக அறிவிக்கிறது.

சுழல் மின்னோட்டத்தை வகுப்பில் காட்டுவது எளிது. செம்பு அல்லது அலுமினியக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் வலிமை மிக்க சிறு காந்தம் ஒன்றை விட்டால், விரைந்து விழ வேண்டிய காந்தம் தயங்கித் தயங்கி இறங்குவதைக் காணலாம். காந்தம் அக்குழாயைக் கவர்வதில்லை என்பதை முதலிலேயே காட்டிவிடுதல் நன்று. இல்லையேல், குழாயில் ஒட்டிக்கொண்டு வருவதே தாமதத்திற்குக் காரணம் என்று மாணவர் எண்ணிவிடுவர்.

இக்கருவியின் ஆற்றலுக்கு இயற்கையே கடுமையான எல்லை வகுத்துள்ளது. சுருளின் அளவை நோக்கத் தொலைவு மிகும்போது, காந்தப் புலத்தின் வலிமை தொலைவின் மூன்றாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. இக்குறைவு போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்வதால், எதிர்க்குறி தொலைவின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறையும். அதாவது, ஆழம் இருமடங்கானால் குறி அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகையால் ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்தில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே, கிடக்கும் வரையே தெரியவருகிறது. அதுவும் படுக்கையாகக் கிடந்தால்தான். செங்குத்தாக நிற்கும் காசு இன்னும் குறைந்த குறியே தரும். பத்தடி ஆழத்திலுள்ள ஒரு காசையும் காட்டும் என்று கூறி விற்கப்படும் கருவிகளைப் பற்றிக் களப் பணியாளர்கள் இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்துகொள்ளலாம்.

எதிர்க்குறி முதற் சுருளின் அலைவிலிருந்து சிறிது காலந் தாழ்ந்து வருகிறது. அத்தாழ்வின் அளவு, உலோகத்தின் மின்கடத்தும் திறனையும் துண்டின் பருமனையும் பொறுத்தது. கனத்த வெள்ளிக் காசையும் இரும்பாணியையும் இதனால் வேறுபடுத்தலாம். ஆனால் மெல்லிய பித்தளை வில்லையும் கசக்கி எறிந்த அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணிலும் சரளையிலும் மண்ணே குறி எழுப்பும். தொலைபேசியைப் படைத்த கிரகாம் பெல்லுக்கே இத்தகைய குழப்பம் நேர்ந்தது. 1881 ஜூலை 2-ஆம் நாள் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டை அவர் தூண்டல் கருவியால் தேடினார், குண்டு அகப்படவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் குறியைக் கலைத்ததும், மருத்துவர் நம்பிய பக்கத்தை மட்டுமே சோதிக்க நேர்ந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டவரான யூசெப் கொசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காட்டி 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் பயன்பட்டது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து கருவியின் எடை குறையவே, அது பொதுமக்கள் கைக்கும் வந்தது.

சில்லறைத் தட்டுப்பாடு ஈன்ற காசு

வயலில் கிடைக்கும் வில்லை எக்காரணத்தால் தோன்றியது என்பது அறியத்தக்கது. 1957-க்கு முன் நம் நாட்டில் ஓரணாவுக்கு நான்கு காலணா வழங்கியது போல, இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நான்கு பார்திங் வழங்கிற்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்னி வெள்ளியால் ஆனது. பார்திங்கையும் வெள்ளியில் அடித்தால் அது கையில் நில்லாத அளவு சிறுத்துவிடும். எனவே 1613 முதல், அரசரிடம் உரிமம் பெற்றோர் செம்பில் பார்திங் அடித்து வெளியிட்டனர். உலோகத்தின் விலைக்கும் காசின் மதிப்புக்கும் இருந்த இடைவெளி அவர்களுக்கு ஆதாயமாயிற்று. மக்கள் அக்காசை வெறுத்தனர். உள்நாட்டுப் போரின்போது அவ்வுரிமம் ஒழிந்தது. 1649 சனவரியில் முதலாம் சார்லஸ் மன்னர் கொல்லப்பட்ட பின், சிறு காசு அடிப்பதற்கு அரசும் முன்வரவில்லை.

அரைப் பென்னிக்கு ரொட்டி வாங்குபவருக்கு மீதி கொடுக்க வழி வேண்டுமே! நம் நாட்டில் சில்லறை கிடைக்காத நாள்களில் கடைக்காரர் மிட்டாய் கொடுத்துக் கணக்குத் தீர்த்ததைப் பலரும் அறிவர். ஆங்கில வணிகர் மிட்டாய்க்குப் பதிலாகத் தம் பெயர் பொறித்த வில்லையைக் கொடுத்தனர். அவ்வில்லையை மீண்டும் அதே கடையில் கொடுத்துப் பொருள் வாங்கலாம். அண்டைக் கடைக்காரரும் நம்பி ஏற்பார். 1648 அளவில் தொடங்கிய இவ்வழக்கம் கால் நூற்றாண்டு நீடித்தது. பார்திங், அரைப் பென்னி, பிற்காலத்தில் பென்னி ஆகிய மதிப்புகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் வெளிவந்தன. மளிகை வணிகர், துணி வணிகர், மெழுகுவர்த்தி செய்வோர், விடுதி நடத்துவோர் எனப் பலரும் வெளியிட்டனர். பிரிஸ்டல் போன்ற நகரங்கள் 1652-இல் நகராட்சியின் பெயராலேயே பார்திங் அடித்தன. சில வில்லைகள் எண்கோணமாகவும், சில இதய வடிவாகவும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருட்டில் தடவிப் பார்ப்பவரும் அவற்றை எளிதில் இனங்காண இவ்வடிவங்கள் உதவியிருக்கக்கூடும். 1672 ஆகஸ்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் செம்பில் அரசுக் காசு வெளியிட்டு, தனியார் காசைத் தடைசெய்தார். பெட்டிகளில் எஞ்சியவை செல்லாக் காசாயின.

தட்டுப்பாடு மீண்டும் தோன்றியபோது வில்லைகளும் மீண்டும் தோன்றின; 1787-இல் பாரிஸ் சுரங்க நிறுவனம் வெளியிட்ட செம்புப் பென்னி அவ்வகையில் புகழ்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் கொழும்பிலிருந்த காப்பி வணிக நிறுவனங்களும் தத்தம் வில்லைகளை அடித்தன. வணிகக் குழு காசு வெளியிடுதல் நம் துணைக்கண்டத்திற்கும் புதிதன்று. இன்று பாகிஸ்தானிலுள்ள தட்சசீலத்தில் ‘நேகம’ என்ற சொல் பொறித்த பழஞ் செம்புக் காசுகள் கிடைத்துள்ளன. அச்சொல் வணிகக் குழுவைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர்.

இடம் கூறும் சாட்சி

ஒரு பார்திங் வில்லையின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். குறுக்களவு 15 முதல் 17 மில்லிமீட்டர். இச்சிறு பரப்பில் அடங்கியுள்ள செய்தி வியப்பளிப்பதாகும். ஒரு பக்கத்து விளிம்பில் வணிகரின் பெயர், நடுவே அவர் தொழிற் சங்கத்தின் சின்னம் அல்லது கடையில் தொங்கிய பலகையின் உருவம். மறுபக்கத்து விளிம்பில் ஊரின் பெயர், நடுவே மூன்று எழுத்துகள். மேலெழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே உள்ள இரண்டும் முறையே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். ஜான் என்பவரின் பெயருக்கு ‘ஜே’ என்ற எழுத்தைத் தேடினால் காண இயலாது. அக்காலத்தில் ‘ஐ’ என்ற எழுத்தே அவ்விரண்டு ஒலிக்கும் பொது. கைம்பெண்கள் தம் பெயரில் கடை நடத்தியதையும் சில வில்லைகள் காட்டுகின்றன. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்த இலண்டன் தெருக்களின் கடைகளும் விடுதிகளும் இன்று வில்லைகளில் பெயராக நிற்கின்றன. தேவாலயப் பதிவேடுகளோடும் 1662-இல் விதிக்கப்பட்ட அடுப்பு வரிப் பட்டியல்களோடும் ஒப்பிட்டு, அவ்வணிகரின் வீட்டில் எத்தனை அடுப்புகள் இருந்தன என்பது வரை அறிந்த நேர்வுகளும் உண்டு.

இவையெல்லாம் அருங்காட்சியகப் பேழையிலுள்ள வில்லையிலிருந்தும் அறியக்கூடியவை. பேழை கூறாத செய்தி ஒன்றுண்டு: அவ்வில்லை எவ்வளவு தூரம் சென்றது, எவ்வழியே சென்றது என்பது. பெரும்பாலான வில்லைகள் வெளியிட்ட ஊரைச் சுற்றிச் சில மைல் வட்டத்திலேயே கிடைக்கின்றன. ஒரு சிற்றூரின் வயல்களில் எந்தச் சந்தையூரின் வில்லைகள் மிகுதியோ, அவ்வூர் மக்கள் அச்சந்தையையே நாடினர் எனக் கொள்ளலாம். ஆனால் அவசரம் கூடாது. வீட்டுக் குப்பையும் நகரத்துச் சாணமும் வண்டி வண்டியாக வயல்களுக்கு எருவாகச் சென்ற காலம் அது. வயலில் கிடந்த வில்லை, அங்கு உழுதவர் மடியிலிருந்து வீழ்ந்ததாகவும் இருக்கலாம். நகரத்துக் கூடத்தில் சிந்தி, குப்பையோடு வந்ததாகவும் இருக்கலாம். ஒற்றை வில்லையைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. நூற்றுக்கணக்கான வில்லைகளின் இடங்கள் நிலப்படத்தில் ஏறிய பின்னரே வழக்கும் விலக்கும் புலப்படும். உழவு மண்ணில் கிடக்கும் பொருள் ஏற்கெனவே கலைந்துவிட்டது, ஆகையால் இடம் குறிப்பதால் பயனில்லை என்று சிலர் வாதிப்பர். கலப்பை மேல்கீழாகப் புரட்டுவது உண்மையே. ஆயினும் பொருள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்றுவிடுவதில்லை.

இதை உணர்ந்தே 1997-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. தேடுவோர் தாமே முன்வந்து காட்டும் பொருள்களை, மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்ட அலுவலர்கள் அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துத் திருப்பித் தருகின்றனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. அங்கும் தொல்லியலாளருக்கும் தேடுவோருக்கும் இடையே நெடுங்காலம் பகைமையே நிலவியது. அதற்குக் காரணமும் இருந்தது. சரே மாவட்டத்து வான்பரோவில், உரோமர் காலக் கோயில் ஒன்றிருந்த இடத்தில் 1980-களின் நடுவில் இரவோடிரவாகப் பலர் தோண்டி, ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கொள்ளையிட்டனர். கோயிலின் அடுக்கு மண்ணும் அதனோடு அழிந்தது. அக்கொள்ளையே 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திற்குத் தூண்டுதலாயிற்று.

இதற்கு மாறானது 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னில் நடந்தது. உழவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தர அவருடைய நண்பர் கருவியுடன் சென்றார். சுத்தியலும் கிடைத்தது, அதற்கு முன்பே பொன்னும் வெள்ளியுமாகக் காசுகள் வெளிப்படத் தொடங்கிவிட்டன. அவர் சிலவற்றை எடுத்ததோடு நிறுத்தி, அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். தொல்லியலாளர் முறைப்படி அகழ்ந்ததால், ஏறத்தாழ 15,000 காசுகளோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் எச்சங்களும் பூட்டுகளும் கிடைத்தன. 2010-இல் சாமர்செட் மாவட்டத்து ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 உரோமக் காசுகள் இருந்தன. அங்கும் கண்டவர் தோண்டுவதை நிறுத்திக்கொண்டார். பானையை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தபோது, காலத்தால் மிகப் பிற்பட்ட காரௌசியஸ் மன்னரின் காசுகளுட் பெரும்பகுதி மேலே இராமல் ஆழத்தில் இருப்பது தெரிந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்ததாயின் அவை மேலேயே இருந்திருக்கும். ஆகவே பானை ஒரே காலத்தில் நிரப்பப்பட்டது என்ற முடிவு கிடைத்தது. காசுகளை ஒரு சாக்கில் கொட்டியிருந்தால் இதை எந்த நிபுணராலும் கூற முடிந்திராது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் இவ்விஷயத்தை ஆள்வது இன்றும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே. சில மாநிலங்களில் தனிச் சட்டமும் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருள் மண்ணில் மறைந்து கிடைத்தாலும், கண்டவர் அதன் தன்மை, அளவு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலம் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் பெறலாம். உரிமை கோருவோர் எவரும் இல்லையெனில், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கும். இவ்விதியே சட்டத்தின் பலவீனம் எனலாம். ஹாக்ஸ்ன் புதையலுக்குச் சந்தை மதிப்பாக 17,50,000 பவுன் அளிக்கப்பட்டது. இங்கோ அரிய செம்புக் காசுக்குச் செம்பின் விலையும் சிறிது மேலதிகமுமே கணக்கு. கண்டவர் ஆட்சியர் அலுவலகத்தை விட்டுத் தட்டாரின் உலையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

உலைக்குச் சென்றால் இழப்பது யாது என்பதற்குப் புதுக்கோட்டையை அடுத்த கருக்காக்குறிச்சி நல்ல சான்று. அங்கு 1898-இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் குறுக்கே உளி வெட்டு உள்ளது. அவ்வாறு வெட்டியதன் காரணத்தை அறிஞர் இன்றும் விவாதிக்கின்றனர். காசுகள் உருகியிருந்தால் விவாதிக்க அவ்வெட்டுகளே இருந்திரா.

மத்திய அரசு பாதுகாத்துவரும் தொன்மைச் சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றி அகழ்வது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. பள்ளி மாணவரை அழைத்துக்கொண்டு பழைய மேடுகளில் உலோகங்காட்டியுடன் செல்லும் எண்ணத்தை ஆசிரியர் அறவே விடுதல் வேண்டும்.

மாணவர் ஒருவர் வகுப்பிற்குக் காசு ஒன்றைக் கொண்டுவந்தால், முதலில் கேட்க வேண்டியது அது எங்குக் கிடைத்தது என்பதே. எம்மன்னர் காலத்தது என்ற ஆராய்ச்சிக்குப் பின்னர் நேரம் உண்டு. பல காசுகள் ஒன்றாக வெளிப்பட்டிருப்பின், தோண்டுவதை நிறுத்தச் செய்து, குழியை மண்ணாலோ ஓலையாலோ மூடி, கிராம நிர்வாக அலுவலர்க்குச் சொல்லியனுப்புதல் நலம். பானை இருப்பின் அதன் ஓட்டுத் துண்டுகளும் காசுகளைப் போலவே காக்கப்பட வேண்டியவை. புளியிட்டுத் தேய்த்தல், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தல், சாம்பலால் விளக்குதல் ஆகியவை வீட்டுப் பாத்திரத்துக்கே ஏற்றவை. களிம்போடு எழுத்தும் போய்விடும். சில வேளைகளில் எழுத்து களிம்பிலேயே தங்கியிருக்கும்.

செம்பு, வெண்கலக் காசுகளில் வெளிர்பச்சை நிறமாகப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய் எனப்படும். மண்ணிலுள்ள உப்பினால் காசினுள் உண்டான செம்புக் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் உயிர்வளியோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கிறது. இத்தகைய காசைப் பிறவற்றிலிருந்து பிரித்து, ஈரமற்ற இடத்தில் வைத்து, அருங்காட்சியகத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஏனையவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகித உறையில் இடலாம். நெகிழிப் பை ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும். உறையின் மேல் ஊரின் பெயர், புல எண், மேற்பரப்பிலிருந்து ஆழம், நாள், உடன் கிடைத்தவை ஆகியவற்றைக் காசை உள்ளே இடுவதற்கு முன்பே எழுதிவிடுதல் நன்று; பின்னர் எழுதினால் அழுத்தம் காசின் மேல் படியும். எழுதுவதற்குப் பென்சிலே ஏற்றது. மை ஈரத்தில் கலைந்துவிடும்.